இலையுதிர் காலத்துக் காணிக்கை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசை உண்டு, நாடகம் உண்டு, விருந்து உண்டு. இவற்றுக்கு நடுவே ஒரு சொற்பொழிவும் இருந்தாக வேண்டும் என்பது நம் சங்கங்களின் மரபு. அந்தச் சுமையை இவ்வாண்டு என் தோளில் ஏற்றியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னே குழந்தைகள் அரிதாரம் பூசிக் காத்திருப்பதை நான் மறக்கவில்லை. ஆகவே, எடுத்துக்கொண்ட பொருளை விட்டு விலகாமல் பேச முயல்கிறேன்.

அமெரிக்க நாட்டில் எபிஸ்கோபல் திருச்சபை என்று ஒன்று உண்டு. அதைச் சேர்ந்த ஒரு சிறு சேகரம், இலையுதிர் காலத்தில் எவ்வாறு வழிபடுகிறது, எவ்வாறு கொடுக்கிறது, எவ்வாறு கூடி வாழ்கிறது என்பதே என் பொருள். எங்கோ இருக்கும் ஒரு கோவிலுக்கும் இந்தக் காலனியில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அரசாங்கத்தின் மானியம் இல்லை; முன்னோர் எழுதிவைத்த நிலபுலம் இல்லை; உறுப்பினர் கொடுத்தால் விளக்கு எரியும், கொடாவிட்டால் அணையும். அவர்கள் நிலை இது. நம் சங்கத்தின் நிலையும் இதுவே அன்றோ? அதனால்தான் இதைத் தேர்ந்தேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'எபிஸ்கோபோஸ்' என்றால் கிரேக்க மொழியில் மேற்பார்வையாளர் என்று பொருள். அத்தியட்சர் அல்லது பேராயர் என்று நாம் சொல்லும் பதவி அதுவே. இங்கிலாந்துத் திருச்சபையின் கிளையாக அமெரிக்கக் குடியேற்றங்களில் வளர்ந்த இச்சபை, அந்நாடு விடுதலை பெற்றபின் தனித்து நின்றது. இங்கிலாந்தில் பேராயராக வேண்டுமாயின் அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். விடுதலை பெற்ற நாட்டவர் அதை எவ்வாறு செய்வர்? ஆகவே சாமுவேல் சீபரி என்பவர் ஸ்காட்லாந்துக்குச் சென்று, 1784 நவம்பர் 14 அன்று அபர்தீன் நகரில் அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். 1789-இல் சபைக்கு அமைப்புச் சட்டமும் சொந்தப் பொது ஜெபப் புத்தகமும் உருவாயின.

விடுதலை அவர்களுக்கு ஒரு பெரிய இழப்பையும் கொண்டுவந்தது. அதற்குமுன் வர்ஜீனியாவில் குருமாரின் சம்பளம் வரிப்பணத்திலிருந்து வந்தது. சம்பளம் நாணயமாகக்கூட அன்று. ஆண்டுக்கு 16,000 பவுண்டு புகையிலை! கோவிலுக்குப் போகிறவனும் போகாதவனும் வரி கட்டியாக வேண்டும். 1786-இல் அங்கே சமயச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. கட்டாயம் ஒழிந்தது, வருவாயும் ஒழிந்தது. கேட்டுக் கொடுப்பதும், கேளாமலே கொடுப்பதும் அதன்பின் அவர்கள் கற்றுக்கொண்ட பாடங்கள்.

அந்தப் பாடத்தை முதலில் அவர்கள் நேராகக் கற்கவில்லை. கோவிலின் இருக்கைகளை வாடகைக்கு விட்டார்கள். பணமுள்ள குடும்பத்துக்கு முன்வரிசை, இல்லாதவனுக்குப் பின்மூலை. கடவுளின் சந்நிதியிலும் கட்டண வகுப்புகள் தோன்றிவிட்டன. இதை எதிர்த்தவர்களுள் வில்லியம் அகஸ்டஸ் மூலன்பர்க் என்னும் குருவானவர் குறிப்பிடத்தக்கவர். நியூயார்க் நகரில் அவர் தொடங்கிய பரிசுத்த நற்கருணை ஆலயம் 1846-இல் திறக்கப்பட்டது. அங்கே எந்த இருக்கைக்கும் வாடகை இல்லை. சீமானும் சலவைத் தொழிலாளியும் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே அமரலாம்.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு செயல் நடந்தது. அக்டோபர் 18, மருத்துவராக வாழ்ந்த லூக்கா என்னும் நற்செய்தியாளரின் திருநாள். அன்று வந்த காணிக்கையில் பாதியை, ஏழை நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமைக்கும் நிதிக்கென ஒதுக்கிவைப்போம் என்றார் மூலன்பர்க். சேர்ந்த தொகை மிகச் சிறியது. மருத்துவமனைக்குக் கதவு வாங்கவும் போதாது. ஆனால் ஒதுக்கியது ஒதுக்கியதே. பிறர் கைகளும் சேர்ந்தன. 1858-இல் புனித லூக்கா மருத்துவமனை நோயாளிகளுக்குத் திறக்கப்பட்டது. ஆன் அயர்ஸ் என்னும் அம்மையாரும் அவரோடு சேர்ந்த சகோதரிகளும் அங்கே செவிலியராக நின்று உழைத்தார்கள்.

இந்த வரலாற்றின் பிற்பகுதியையும் சொல்லியாக வேண்டும். 1970-களில் அந்தச் சேகரம் மெலிந்து, வேறு சேகரங்களோடு இணைந்துவிட்டது. ஆலயக் கட்டிடம் விலைபோயிற்று. 1983-இல் அதே கட்டிடத்தில் ஓர் இரவு நடன விடுதி தொடங்கியது. ஆனால் மருத்துவமனை அழியவில்லை. இடம் மாறி, வேறு நிறுவனங்களோடு இணைந்து, பெயரும் மாறி, மவுண்ட் சினாய் மார்னிங்சைடு என்ற பெயரில் இன்றும் நோயாளிகளை ஏற்றுக்கொள்கிறது. கல்லால் கட்டியது கை மாறிற்று; காணிக்கையால் கட்டியது நிலைத்தது. இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இனி, இன்றைய சிறு சேகரம் ஒன்றின் பருவ வாழ்வைப் பார்ப்போம். பெரிய பேராலயங்களை எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான எபிஸ்கோபல் சேகரங்களில் ஞாயிறு தோறும் கூடுவோர் நூறு பேருக்கும் குறைவு. நம் காலனியின் ஒரு தெருவே அதைவிடப் பெரிது!

கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் குடும்பங்கள் திரும்புகின்றன. ஞாயிறு பள்ளி தொடங்குகிறது. பாடகர் குழு மீண்டும் ஒத்திகை பார்க்கிறது. அக்டோபர் 4 அசிசி நகரத்துப் பிரான்சிஸின் நாள். அதையொட்டி நாயும் பூனையும், சில ஊர்களில் குதிரையும்கூட, கோவில் முற்றத்துக்கு வந்து ஆசி பெறுகின்றன. மாட்டுப் பொங்கல் கொண்டாடும் நமக்கு இதில் வியப்பில்லை.

நவம்பர் 1 அனைத்துப் பரிசுத்தவான்கள் திருநாள். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில், அவ்வாண்டில் இறந்த உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் வழக்கம் பல சேகரங்களில் உண்டு. பெரிய சபையில் அது ஒரு பட்டியல். சிறு சபையிலோ ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெற்றிடம் கண்முன் தெரியும்: அவர் அமர்ந்த இடம் இது, அவர் காப்பி ஊற்றிக் கொடுத்த மேசை அது. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுவதற்கும் அறிவித்தார். நான்காவது வியாழன் என்பது 1941-இல் சட்டமாயிற்று. ஆயினும் 1789-ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகத்திலேயே விளைச்சலுக்கு நன்றி கூறும் நவம்பர் வழிபாடு இடம்பெற்றுவிட்டது. அந்நாளையொட்டிப் பலர் உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து பலிபீடத்தின் அருகே வைக்கிறார்கள். அவை இல்லாதவர் வீடுகளுக்குச் செல்கின்றன.

இந்தப் பருவத்திலேயே கொடுத்தலின் கணக்கும் நடைபெறுகிறது. வெஸ்ட்ரி என்பது உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. வார்டன்கள் இருவர் உண்டு. ஒருவர் குருவுக்குத் துணை நிற்பார், மற்றவர் பெரும்பாலும் கட்டிடத்தின் கூரையையும் குழாயையும் கவனிப்பார். அக்டோபரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உறுதிச்சீட்டு போகிறது. வரும் ஆண்டில் எங்களால் இவ்வளவு தர இயலும் என்று அவர்கள் எழுதித் தருகிறார்கள். நவம்பரில் ஒரு ஞாயிறன்று அச்சீட்டுகளைக் காணிக்கையோடு வைத்து ஜெபிக்கிறார்கள். சீட்டுகளின் கூட்டுத்தொகையைக் கண்டபின்தான் வெஸ்ட்ரி வரவுசெலவுத் திட்டத்தை முடிவு செய்கிறது. யார் எவ்வளவு எழுதினார் என்பது கணக்கரைத் தவிரப் பிறருக்குத் தெரியாதிருப்பதே பெரும்பாலும் முறை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கே கொடுத்தலின் குறைந்த அளவு என்று 1982-இல் அச்சபையின் பொது மாநாடு கூறியது. அந்த அளவை எட்டாதவர் பலர். எனினும் இலக்கு என்று ஒன்று இருக்கிறது.

பெரியோர்களே! இம்முறையின் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மிச்சமிருந்தால் தருவேன் என்பது ஒரு வகை. முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தில் வாழ்வேன் என்பது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் ஏழைக்கும் இடமுண்டு. அவர் எழுதும் சிறு தொகையும் திட்டத்தில் ஓர் எண்ணாகிறது. அவரும் சபையைத் தாங்குகிறவர் ஆகிறார்.

இதை அமெரிக்கரிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. அதே ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த திருநெல்வேலிச் சீமையில், சோறு வடிக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. பிடியரிசி என்பது அதன் பெயர். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றார். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்ற அவர், 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். நிலமற்ற கூலி மக்களிடையேதான் அவர் உழைத்தார். ஏழைகளிடம் கேட்கலாமா என்று அவர் தயங்கவில்லை. கொடுக்கும் உரிமையை ஏழைக்கு மறுப்பது அவனை என்றும் வாங்குகிறவனாகவே வைத்திருப்பதாகும் அன்றோ? கடல் கடந்த எபிஸ்கோபல் பெண்களும் இவ்வழியே நடந்தார்கள். நன்றி தோன்றும் போதெல்லாம் ஒரு காசைப் பெட்டியில் இட்டு அவர்கள் சேர்க்கும் ஐக்கிய நன்றிக் காணிக்கை, 1889-இல் முதன்முதலாகத் திரட்டப்பட்டபோது 2,188 டாலராயிற்று. அதிலிருந்து அலாஸ்காவின் ஆன்விக்கில் ஓர் ஆலயம் எழுந்தது. ஜப்பானுக்கு ஓர் ஊழியர் சென்றார்.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஏன் இரண்டு? இல்லாதவனுக்கு இரங்கித் தருவது ஈகை. தான் வாழும் ஊருக்குத் தன் பங்கைச் செலுத்துவது ஒப்புரவு. முன்னதில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். பின்னதில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. அந்த உறுதிச்சீட்டு ஈகையன்று, ஒப்புரவு.

எல்லாம் இனிமை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அச்சபையின் உறுப்பினர் தொகை பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. பிள்ளைகள் வேலை தேடி வேற்றூர் போகிறார்கள். முழுநேரக் குருவுக்குச் சம்பளம் தர இயலாமல், இரு சேகரங்கள் ஒருவரைப் பகிர்ந்துகொள்கின்றன. கூரையைப் பழுதுபார்ப்பதா, பசித்தவர்க்கு உணவளிப்பதா என்ற கேள்வி பல வெஸ்ட்ரிக் கூட்டங்களில் எழுகிறது. இரண்டும் வேண்டியவையே, பணமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது. கூரை ஒழுகினால் கூட இடமில்லை. உணவை நிறுத்தினால் கூடுவதற்குப் பொருளில்லை. இதற்கு எல்லார்க்கும் பொதுவான விடை எதுவும் இல்லை. மூலன்பர்க் பாதியை ஒதுக்கினார் என்பது மட்டும் நமக்குத் தெரியும். முழுவதையும் தமக்கென வைத்திருந்தால், அந்தச் சபை மறைந்த நாளிலே எல்லாம் மறைந்திருக்கும்.

நம் சங்கத்துக்கு வருவோம். மண்டபம் வேண்டும் என்று பல சங்கங்கள் பேசுகின்றன. வேண்டியதுதான். ஆனால் அதைச் செல்வர் இருவர் மூவரின் தயவில் எழுப்பிவிட்டால், மற்றவர் அதில் விருந்தினராகவே இருப்பர். ஒவ்வொரு வீடும், பத்து ரூபாயாயினும், ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதித் தரட்டும். தொகையை அறிவிக்கவும் வேண்டாம், மலரில் அச்சிடவும் வேண்டாம். சேர்வதில் ஒரு பகுதி, நம் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்கும் வகுப்புக்குச் செல்லட்டும். மற்றொரு பகுதி, மொழி தெரியாத ஊரில் திடீரென நோயுற்ற தமிழ்க் குடும்பத்துக்கும், மொழி எதுவாயினும் நம் அண்டையில் துன்புறுவோர்க்கும் செல்லட்டும். இவ்வாண்டில் நம்மை விட்டுப் பிரிந்தோரின் பெயர்களையும் விழா மேடையில் ஒருமுறை வாசிப்போம். சொந்த மண்ணுக்கு அப்பால் மறைந்தவர்களை நினைவில் வைக்க நம்மையன்றி யார் இருக்கிறார்கள்?

வேலை மாற்றத்தாலும் ஓய்வாலும் நம்முள் பலர் ஒருநாள் இந்த ஊரை விட்டுப் போவோம். சங்கத்தின் பெயர்ப்பலகையும் ஒருநாள் மாறலாம். ஆனால் நாம் ஒதுக்கிவைத்த பங்கால் ஒரு குழந்தை தமிழ் கற்றது, ஒரு நோயாளி பிழைத்தார் என்றால், நாம் இங்கே வாழ்ந்ததற்கு அதுவே சான்று. குழந்தைகளின் நாடகம் தொடங்கட்டும்.