அலையாத்திக் காட்டின் ஐந்தொகை



இயற்கை குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். தமிழ் பயின்றோர் இத்தலைப்பில் முதற்பொருள், கருப்பொருள் என்று தொடங்குவது வழக்கம். இன்று அவ்வழியிற் செல்லாமல், சற்றுக் கரடுமுரடான வினா ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன். இயற்கையைக் காக்கச் செலவிடும் ஒரு ரூபாய் எவ்வளவு பயனைத் திருப்பித் தருகிறது? அதனை அளப்பது எங்ஙனம்?

இலக்கிய மேடையில் வரவுசெலவுக் கணக்கா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இவ்வினா நம் மரபுக்கு அயலானதன்று. திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என்னும் அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலில் இறங்குமுன் இழப்பையும் ஆக்கத்தையும் பின்னர்க் கிட்டும் ஊதியத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. இன்றைய பொருளியலார் கேட்பதும் இதுவே.

எடுத்துக்காட்டாக அலையாத்திக் காட்டினைக் கொள்வோம். அலையை ஆற்றுவதால் அப்பெயர் பெற்றதென்பர். நெய்தற் பாடல்களில் வரும் கண்டல் இக்காட்டிற்கு உரியது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை ஈந்த தில்லை மரமும் இக்காட்டினதே. அலையை ஆற்றும் என்று பெயரிட்டாயிற்று. எவ்வளவு ஆற்றும் என்பதன்றோ கேள்வி?

1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அம்மாநிலத்தின் கேந்திரபாடா மாவட்டத்தில் பிதர்கணிகா என்னும் அலையாத்திக் காடு உள்ளது. ருச்சி பதோலா, உசைன் என்னும் இந்தியக் கானுயிர் நிறுவன ஆய்வாளர் இருவர், அப்பகுதியின் மூன்று சிற்றூர்களில் புயல் விளைத்த இழப்பை வீடுதோறும் கணக்கிட்டு 2005இல் வெளியிட்டனர். ஓர் ஊர் காட்டின் நிழலில் இருந்தது. மற்றோர் ஊருக்குக் காடில்லை. கடல்நீரைத் தடுக்கக் கட்டிய கரை இருந்தது. மூன்றாவது ஊருக்கு இரண்டுமில்லை.

காட்டின் நிழலிலிருந்த ஊரில் ஒரு குடும்பத்தின் சராசரி இழப்பு ஏறத்தாழ 33 டாலர். இரண்டுமற்ற ஊரில் 44 டாலர். கரை கட்டிய ஊரிலோ 154 டாலர்! காக்கக் கட்டிய கரையே கேடு பயந்தது. உடைப்பின் வழியே உட்புகுந்த உப்புநீர், அதே கரையால் தடுக்கப்பட்டு வடியாது தேங்கிற்று. செலவு செய்தோம் என்பதனாலேயே பயன் விளைந்தது என்றாகாது. அளந்து பார்த்தாலன்றி அது விளங்காது.

மூன்று ஊர்களைக் கொண்டு முடிவு கட்டலாமா என்று நீங்கள் வினவலாம், முறையான வினாவே. சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகியோர் அம்மாவட்டத்தின் நூற்றுக்கணக்கான ஊர்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். அகன்ற காடு முன்னிற்கும் ஊர்களில் உயிரிழப்புக் குறைவு. காடு அறவே இல்லாதிருந்தால், கடலிலிருந்து 10 கிலோமீட்டருக்குட்பட்ட ஊர் ஒவ்வொன்றிலும் சராசரியாக 1.72 பேர் கூடுதலாக இறந்திருப்பர் என்பது அவர்தம் கணிப்பு. புயல் காப்பு என்னும் ஒரு பயனை மட்டும் கணக்கிற்கொண்டாலும், எஞ்சிய காட்டை விட்டுவைப்பது பொருளியல் நோக்கில் தகும் என்றும் அவர்கள் முடிவு கண்டனர்.

ஆயினும் அவர்கள் மறைக்காமற் சொன்ன மற்றொன்றும் உண்டு. காடு காத்த உயிர்களைவிட, அரசு முன்கூட்டியே விடுத்த புயலெச்சரிக்கை காத்த உயிர்கள் மிகுதி. காட்டை நேசிப்போர்க்கு இஃது உவப்பான செய்தியன்று. ஆனால் நேர்மையான கணக்கு, நமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கூட்டுவதில்லை. எச்சரிக்கையும் வேண்டும், காடும் வேண்டும். எதற்கு எதனை நம்புவது என்பதை அளவையே காட்டுகிறது.

பயனை மட்டும் அளந்தாற் போதுமா? போதாது. நியூசிலாந்தில் அழிவின் விளிம்பிலுள்ள 32 உயிரினங்களைக் கொண்டு ஒரு முறையை வகுத்து, அதனை 2009இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உயிரினத்தின் மதிப்பு, செயலால் விளையும் பயன், அச்செயல் வெற்றிபெறும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் பெருக்கிச் செலவால் வகுப்பர். மிகவும் நலிந்ததையே முதலிற் காப்போம் என்பதினும், இவ்வாறு வரிசைப்படுத்தினால் அதே பணத்தில் மிகுதியான இனங்களைக் காக்கலாம் என்று கண்டனர். இதில் 'பயன்' என்பது நாம் செலவிட்டதனால் நேர்ந்த வேறுபாடு மட்டுமே. எவரும் நெருங்காத மலையுச்சிக் காட்டைக் காப்பகமாக அறிவித்தால் பட்டியல் நீளும். ஆனால் தானே பிழைத்திருக்கக்கூடியதை நாம் காத்ததாகச் சொல்லுதல் பொய்க்கணக்கு.

இம்முறைக்கும் எல்லை உண்டு. செலவு மிகுந்த உயிரினம் வரிசையிற் பின்தங்கும். அதனைக் கைவிடுவதா என்பதைப் பெருக்கலும் வகுத்தலும் தீர்மானித்தல் இயலாது. அடுத்து, கணக்கு மொத்தத்தைக் காட்டும், பங்கீட்டைக் காட்டாது. காட்டை மூடினால் விறகும் மீனும் இழப்பவர் அருகிலுள்ள ஏழைகள். பயன்பெறுவோர் தொலைவிலும் இருப்பர். யார் செலவு, யார் வரவு என்று இரு பத்தி பிரித்தெழுதாத பேரேடு நீதியான பேரேடாகாது.

கணக்கிடுவதே இயற்கையை இழிவுபடுத்தும் என்பார் உளர். அவர்தம் உணர்வை மதிக்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன். நாம் மதிப்பிட மறுத்தால், காட்டை வெட்டி நிலமாக்க விழைவோரின் ஏட்டில் அதன் மதிப்பு சுழி என்றே எழுதப்படும்.

நான் முதலிற் சுட்டிய அதிகாரத்தின் மூன்றாம் குறள், வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்கிறது. காடு, கழி, ஏரி ஆகியன நம் முதல். அவை ஆண்டுதோறும் தருவது ஊதியம். ஊதியத்தை அளக்கக் கற்போம். முதல் எஞ்சியுள்ளதா என்பதையும் ஆண்டுதோறும் பார்ப்போம். மீட்க இயலாத முதலைத் தொட்டுச் செலவழிக்கும் திட்டம் எத்துணை ஈவு காட்டினும் அதற்கு இசையாதிருப்போம்.