மூச்சுக்கு விலை எவ்வளவு?

(குத்துக்கல்வலசையில் பீடி, ஆலை, விவசாயத் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாள்பட்ட நோயாளிகளைத் தேடி ஒரு புதிய வியாபாரம் செல்போன் வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. 'மைண்ட்புல்னஸ்' என்று பெயர். மூச்சையும் உடம்பையும் நிதானமாகக் கவனிக்கும் மனப்பயிற்சி. முதல் வகுப்பு இலவசம். முடிந்ததும், "இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம்" என்கிறார்கள். பீடி சுற்றும் நம் சகோதரி ஒருவர் இடுப்புவலியும் சர்க்கரையும் தீருமென்று நம்பி, கம்மலை அடகு வைத்து 18,000 ரூபாய் கட்டினார். கிடைத்தது என்ன? சில வீடியோக்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மாத்திரையை விட்டதால் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

அப்படியானால் பயிற்சியே மோசடியா? அப்படிச் சொன்னால் நாமும் தவறு செய்தவர்களாவோம்.

1979-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஜான் கபட்-ஜின் என்பவர் பௌத்த தியான முறையிலிருந்து எடுத்து இதை ஒரு பயிற்சியாக அமைத்தார்; இப்போது அது 8 வாரப் பயிற்சி. மருந்தால் முழுதும் அடங்காத வலியோடு வாழ்பவர்கள் அங்கே வந்தார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 342 பேரைச் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, அன்றாட வேலை செய்வதில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள், இப்பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 61 பேர். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 44 பேர். பலன் உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அங்கே ஆசிரியர் நேரில் இருந்து, குழுவாக உட்கார வைத்துக் கற்பித்தார். அந்தப் பலனைக் காட்டி, ஆளில்லாத வீடியோவுக்கு விலை வைப்பது என்ன நியாயம்?

குற்றால அருவியில் நின்றால் உடம்பு லேசாகிறது. அதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவோமா? மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். வலியைத் தாங்க மனத்துக்குத் தெம்பு தரலாம்; சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்தாகாது.

ஆகவே பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். கற்பிப்பவர் யார், என்ன படித்தவர்? எந்த நோய்க்கு, எவ்வளவு பலன் என்கிறார்? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவாரா? மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

இதே போன்ற பயிற்சி கட்டணமின்றியும் கிடைக்கிறது. 1969 முதல் கோயங்கா நம் நாட்டில் நடத்திவந்த விபாசனா முகாம்களில் 10 நாள் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை; பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கின்றன. மனக்கலக்கம், தூக்கமின்மை என்றால் 14416-ஐக் கூப்பிடலாம். 2022-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய இலவச மனநலச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். அது நம் வரிப்பணம், உரிமையோடு கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். பணம் கட்டிய ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி மும்பையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கடைசியாக ஒன்று. அந்த 8 வாரப் பயிற்சியில் வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். விபாசனாவுக்கோ 10 நாள் கூலி போகும். விடியுமுன் அடுப்பு மூட்டி, பகலெல்லாம் குனிந்து பீடி சுற்றும் தாய்க்கு அந்த முக்கால் மணி எங்கே? பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவனுக்கு எங்கே? இடுப்பை ஒடித்தது எதுவென்று கேட்காமல் மூச்சை மட்டும் கவனி என்றால் வலி நாளைக்கும் திரும்பி வரும். மூச்சு நம்முடையது, அதற்கு யாரும் விலை கேட்க முடியாது. நிம்மதியாக மூச்சுவிட நேரம் வேண்டும். அந்த ஓய்வு நேரத்தையும் நல்ல கூலியையும் ஒன்றுசேர்ந்து கேட்டு வாங்குவோம், தோழர்களே!