கற்பிக்கக் கற்கும் செவிலியர்

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்து, அவற்றுள் பிற்பகுதியைத் தலைமையாசிரியனாகக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். அத்தகையவன் செவிலியரைப் பற்றிப் பேசப் புகுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். மருத்துவம் நான் அறியாத துறை. ஆயினும், ஒரு தொழிலை நன்கு செய்யத் தெரிந்தவர் அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் நிலைக்கு வரும்பொழுது அவருக்கு என்ன நேர்கிறது என்பது நான் நெடுங்காலம் கண்டு பழகிய செய்தி. பல ஆண்டுகள் நோயாளிகளின் படுக்கையருகே நின்று பணியாற்றிய செவிலியர், செவிலியர் கல்லூரியில் ஆசிரியராக விரும்பினால் பெற வேண்டிய உயர் பயிற்சியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதற்கு என்னைத் தூண்டியது ஓர் இரவு.

ஐந்தாண்டுகளுக்கு முன், குடலிறக்க அறுவைக்காக ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் வயிற்றில் அறுவை செய்துகொண்ட முதியவர் ஒருவர். இரவு பதினொரு மணி இருக்கும். பயிற்சி மாணவி ஒருத்தி வந்து அவருடைய உடல் வெப்பத்தையும் இரத்த அழுத்தத்தையும் எடுத்து அட்டவணையில் குறித்தாள். இரண்டும் சரியாகவே இருந்தன. அவள் அப்பால் நகர்ந்த வேளையில் அவ்வார்டின் மூத்த சிஸ்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் சற்று நின்றார். முதியவர் போர்வையைத் தள்ளுவதும் மீண்டும் இழுப்பதுமாக அமைதியின்றி இருந்தார். சிஸ்டர் அவர் கையைத் தொட்டார். மணிக்கட்டில் விரல்களை வைத்தபடி ஒரு நிமிடம் நின்றார். உடனே மருத்துவரை அழைத்தார். வயிற்றினுள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அரைமணி நேரத்துக்குள் முதியவரை மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டு சென்றார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாட் காலையில், "எப்படி அம்மா கண்டுபிடித்தீர்கள்?" என்று அவரைக் கேட்டேன். "பார்த்ததும் சரியில்லை என்று தோன்றியது, ஐயா" என்றார். பிறகு புன்னகையுடன், "ஐயாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் தங்களிடம் கணக்குப் படித்தவள் நான். 'உனக்குக் கணக்கு வராது; பேசாமல் நர்ஸ் வேலைக்குப் போ' என்று தாங்கள் ஒருநாள் சொன்னீர்கள்" என்றார்.

நான் அவ்வாறு சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கமாட்டேன் என்று மறுக்கவும் துணிவில்லை. கணக்கு வராதவர்க்கு உரியது என்று நான் அலட்சியமாகக் கைகாட்டிய தொழிலில் நின்று, பதினெட்டு ஆண்டு அனுபவத்தோடு, ஓர் உயிரை என் கண்முன்னே காப்பாற்றியவர் அவர். (மாணவியாக இருந்தவரை 'அவர்' என்று சொல்வது எனக்கு அன்று முதல் வந்த வழக்கம்.)

ஆனால் அவர் மனத்தில் இருந்தது வேறொரு கவலை. "அந்தப் பயிற்சிப் பெண்ணும் இதே கேள்வியைத்தான் கேட்டாள், ஐயா. 'போகப் போகத் தெரியும்' என்று சொல்லிவிட்டேன். மூச்சு எத்தனை என்று எழுத வேண்டிய கட்டத்தில் அவள் எண்ணாமலே இருபது என்று போட்டிருக்கிறாள். வார்டில் எல்லாருக்கும் இருபது போடுவது பழக்கமாகிவிட்டது. அடுத்த வருடம் அவள் இதே வார்டில் இராப்பணியில் தனியாக நிற்பாள். அன்றைக்கு நான் இருக்கமாட்டேன்" என்றார்.

நேயர்களே, இந்த இடத்தில் சிறிது நிற்போம். இரத்தம் உள்ளே கசியும்பொழுது உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ள முயல்கிறது. நாடி விரைகிறது, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, மூச்சு வேகங் கொள்கிறது. இவற்றால் இரத்த அழுத்தம் சிறிது நேரம் தாங்கி நிற்கிறது. ஆதலின் அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டும் வேளையிலேயே நோயாளி ஆபத்தில் இருக்கக்கூடும். கை சில்லிட்டு வியர்த்திருப்பதும், மனம் நிலைகொள்ளாமல் புரள்வதும், மூச்சின் எண்ணிக்கை ஏறுவதுமே முன்னறிகுறிகள். இவ்வளவையும் அச்செவிலியர் ஒரு பார்வையில் சேர்த்துக் கண்டார். ஆனால், தாம் கண்டது இன்னது என்று பிரித்துச் சொல்ல அவரால் இயலவில்லை.

இது அவருக்கு மட்டும் உரிய குறையன்று. பட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை 1984-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். புதிதாக வருபவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கிறார் என்றும், ஐந்து படிகளைக் கடந்து வல்லுநர் ஆனவர் விதிகளை எண்ணிப் பாராமலே நிலைமை முழுவதையும் ஒருங்கே உணர்கிறார் என்றும் அவர் காட்டுகிறார். நானும் பள்ளியில் இதனைக் கண்டதுண்டு. கணக்கில் பெரும்புலமை பெற்ற நண்பர் ஒருவர் கரும்பலகையில் முதல் வரியை எழுதியவுடன் கடைசி வரிக்குத் தாவிவிடுவார். இடையிலுள்ள நான்கு வரிகள் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. மாணவர்களுக்கோ அந்நான்கு வரிகளே பாடம். கற்பிக்கும் பயிற்சி என்பது பெரும்பாலும், தாவிக் கடந்த அவ்வரிகளைத் திரும்பிச் சென்று பொறுக்கி எடுப்பதுதான்.

தேர்ந்த செவிலியர் எவரும் தாமே நல்லாசிரியர் ஆகிவிடுவர் என்ற எண்ணம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில், வார்டுச் சிஸ்டர்களே மாணவியரைப் பழக்கும் பெரும்பொறுப்பைச் சுமந்தார்கள். செவிலியர்க்குக் கற்பிப்போர் தனியே பயில வேண்டும் என்ற கருத்து வேரூன்றியது மருத்துவமனையில் அன்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் என்பதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாவதை மறைக்கமாட்டேன். நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1899-இல் அனுபவம் பெற்ற செவிலியர்க்கென ஒரு வகுப்புத் தொடங்கினார்கள். பயிற்சிப் பள்ளிகளில் கற்பிக்கவும் அவற்றை நடத்தவும் ஆட்களை ஆயத்தம் செய்வது அதன் நோக்கம். மேரி அடிலெய்டு நட்டிங் என்பார் 1907-இல் அங்கே பேராசிரியை ஆனார். செவிலியருள் பேராசிரியப் பதவி பெற்ற முதல்வர் அவரே.

நம் நாட்டு வரலாறும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி 1909-இல் தோன்றியது. போர் குழுவின் அறிக்கை 1946-இல் வெளிவந்தபொழுது, நாட்டில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்தார் என்று அது கணக்கிட்டது. அதே 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் செவிலியப் பட்டப்படிப்புத் தொடங்கியது. டில்லிக் கல்லூரியில் முதுநிலைப் படிப்பு 1959-இல் வந்தது.

இன்று பட்டயம் மட்டும் பெற்று வார்டில் பணியாற்றுகின்ற ஒருவர் கல்லூரியில் விரிவுரையாளராக வேண்டுமானால் வழி நீண்டது. முதலில் பட்டயத்துக்குப் பிந்தைய பி.எஸ்ஸி. இரண்டு ஆண்டு, அதன்மேல் எம்.எஸ்ஸி. இரண்டு ஆண்டு. எம்.எஸ்ஸி. முதலாண்டில் செவிலியக் கல்வியியல், உயர்நிலைச் செவிலியம், ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும், இவற்றுடன் குழந்தை நலம், மனநலம் போன்றவற்றுள் ஏதேனும் ஒரு சிறப்புத் துறை. இரண்டாம் ஆண்டில் நிர்வாகமும் ஆய்வேடும். சேர்வதற்குப் பணியனுபவம் ஓராண்டேனும் வேண்டும் என்பது விதி. ஓராண்டு போதாது என்பது என் கருத்து. ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டு நின்ற பின்பே ஒருவர்க்குத் திறமை நிலை கைகூடுகிறது என்று பென்னரே சொல்கிறார். வார்டைக் கடந்து ஓடிவந்தவர் வகுப்பில் சொல்வதெல்லாம் புத்தகத்தில் உள்ளதாகவே இருக்கும். அதனை மாணவியர் தாமே படித்துக்கொள்வார்களே!

என் பழைய மாணவி அந்நீண்ட வழியில் செல்ல எண்ணி, வீடு தேடி வந்து என் கருத்தைக் கேட்டார். வயது முப்பத்தொன்பது. மகள் பதினோராம் வகுப்பு. வேலையை விட்டால் கணவருடைய வருமானம் ஒன்றுதான். படித்து முடித்தபின் ஒரு கல்லூரியில் தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய ஊதியத்தை விசாரித்திருந்தார். வார்டில் அப்போது பெற்றுவந்ததைவிட அது குறைவு. தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு முடித்தவர்க்குப் பாடநூல்கள் யாவும் ஆங்கிலத்தில். முன்னொரு காலத்தில் எண்ணாமல் ஒரு வார்த்தை சொன்ன நான், இம்முறை 'போ' என்றோ 'போகாதே' என்றோ சொல்லத் துணியவில்லை. "கற்பிக்கும் முறையில் ஐயம் வந்தால் என்னிடம் வா, அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் சேர்ந்துவிட்டார். தாயும் மகளும் ஒரே மேசையில் படித்தார்கள் என்று பின்னால் அறிந்தேன்.

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சி வந்தது. ஒருநாள் மாலை பாடக்குறிப்புடன் வந்தார். பாடம், மூச்சை எண்ணுதல். நான் நோயாளியாக நாற்காலியில் அமர்ந்தேன். "நாடி பார்க்கிறேன், ஐயா" என்று சொல்லி மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "நாடி எழுபத்தாறு; மூச்சு பதினாறு" என்றார்.

"மூச்சை எப்பொழுது எண்ணினாய்?" என்று வியந்து கேட்டேன். முதல் அரை நிமிடம் நாடி. விரலை எடுக்காமலே அடுத்த அரை நிமிடம் மார்பின் ஏற்ற இறக்கம். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். ஆகையால் நோயாளி அறியாதபடி எண்ண வேண்டும். செய்து காட்டியது அழகாக இருந்தது. ஆனால் பாடம் என்ற வகையில் அது ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் மாணவிக்கும் என்னைப் போலவே ஒன்றும் தெரிந்திராது. நோயாளி அறியக்கூடாததை மாணவி அறிந்தாக வேண்டும். கட்டிலருகே உரக்கச் சொன்னாலோ நோயாளியும் கேட்டுவிடுவார். "இருபது பெண்களுக்கு இதனை எப்படிக் காட்டுவாய்?" என்றேன். அவர் பேசாமல் நின்றார்.

இரண்டு மாலைப்பொழுது அதற்காகச் செலவழித்தோம். என் பயிற்சிக் காலத்தில் ஹெர்பார்ட்டின் வழிவந்தோர் வகுத்த ஐந்து படிகளை நாங்கள் மனப்பாடம் செய்தோம். இன்று அவற்றைப் பழையன என்பர். இருப்பினும், எடுத்துக்காட்டுகளிலிருந்து மாணவரையே விதிக்கு வரச் செய்க என்ற நெறி பழுதாகவில்லை. ஆகவே பாடத்தை மாற்றி அமைத்தோம். வகுப்பறையில் மாணவியர் இருவர் இருவராக அமர்வது. முதலில், "உன் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு எண்ணுவது. சிறிது நேரங்கழித்து நாடி பார்ப்பதுபோல் இருந்து எண்ணுவது. இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி ஏன் வேறுபடுகின்றன என்று கேட்பது. விதியை ஆசிரியை சொல்லவே வேண்டியதில்லை. கட்டிலருகே செல்வது அதன் பிறகுதான்.

வேறு குறைகளும் இருந்தன. கேள்வி கேட்டுவிட்டு, விடை வருமுன் தாமே சொல்லிவிடுவார். மாணவியின் கை தடுமாறினால் கருவியைப் பறித்துத் தாமே செய்துவிடுவார். முதற்குறையை நான் திருத்தினேன். இரண்டாவதைப் பற்றி நான் கடிந்துகொண்டபோது அவர் சொன்ன மறுமொழி என்னை வாயடைக்கச் செய்தது. "கரும்பலகையில் தப்பு வந்தால் அழித்துக்கொள்ளலாம், ஐயா. அங்கே படுத்திருப்பது ஆளல்லவா?" என்றார். உண்மை. எந்த நொடி வரை பொறுப்பது, எந்த நொடியில் குறுக்கிடுவது என்பதை வார்டில் பல ஆண்டு நின்றவரே அறிவார். பள்ளியாசிரியனிடம் அதற்கு விடையில்லை.

தேர்வு முறையைப் பற்றியும் ஒரு சொல். 1975-இல் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரின் ஹார்டன் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் மருத்துவ மாணவர்க்கென ஒரு செய்முறைத் தேர்வை வெளியிட்டார்கள். வரிசையான நிலையங்களில் மாணவர் ஒவ்வொன்றாகச் சென்று குறித்த நேரத்தில் ஒரு செயலைச் செய்ய, தேர்வாளர் பட்டியலைப் பார்த்து மதிப்பெண் இடுவார். செவிலியக் கல்வியிலும் இது பரவியிருக்கிறது. ஒருதலைச் சார்பு குறைகிறது என்பது மெய். ஆயினும் பட்டியலில் 'மூச்சை எண்ணினாள்' என்பதற்குக் குறி போடலாம். எண்ணிய பின் அவள் முகம் மாறிற்றா என்பதற்குக் கட்டம் ஏது? இலண்டன் மருத்துவர் கல்லூரி 2012-இல் வகுத்த முன்னெச்சரிக்கை மதிப்பீட்டில் ஆறு அளவைகள் உள்ளன. மூச்சின் எண்ணிக்கை அவற்றுள் ஒன்று. எல்லாருக்கும் இருபது என்று எழுதும் வார்டில் அம்மதிப்பீட்டால் யாது பயன்?

அம்மையார் இப்பொழுது எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் அந்த 'இருபது'தான். பயிற்சி மாணவியர் மெய்யாகவே மூச்சை எண்ணும்படி செய்வது எவ்வாறு என்பது. சென்ற மாதம் தம் புள்ளியியல் அட்டவணைகளைச் சரிபார்த்துத் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தார். பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு அட்டவணைகள். ஓர் இடத்தில் மட்டும் தசமப் புள்ளி ஒரு தானம் தள்ளி விழுந்திருந்தது. அதனையும் அவரே மறுநாள் கண்டுபிடித்து, நான் சொல்லுமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.