பல்பை எப்போது அணைப்பது?

(வத்தல்மலையில் கோழிக்குஞ்சு பெற்ற சகோதரிகளிடம் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)

சகோதரிகளே! இவை ஸதகா பணத்தில் வாங்கிய குஞ்சுகள். பத்தில் நாலு செத்தால் உங்கள் முட்டைக் காசு போச்சு. அதனால் தேதி பார்த்து பல்பை அணைக்காதீர்கள், குஞ்சைப் பார்த்து அணையுங்கள் என்கிறோம்.

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைய வேண்டும். பல்பை உயர்த்திக் கட்டினாலே குறையும். பல்புக்கடியில் முண்டியடித்தால் குளிர்கிறது. விலகிப்போய் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக நின்று தீனி பொறுக்கினால் சரி.

கீழே தருமபுரியில் வெயில் காலத்தில் மூன்று வாரத்தில் நிறுத்திவிடலாம். இது மலை, மார்கழிப் பனியில் ஐந்தாறு வாரம்கூட ஆகும். உடம்பில் பஞ்சு போய் இறகு மூடியிருக்க வேண்டும். முதலில் பகலில் மட்டும் அணையுங்கள், நாலைந்து நாள் கழித்து இரவிலும். தடுப்பு மருந்து கொடுத்த அன்று வேண்டாம். அணைத்த முதல் இரவு எழுந்து பாருங்கள். மூலையில் குவிந்தால் அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

எல்.இ.டி. பல்பு சூடு தராது, குண்டு பல்புதான் வேண்டும். கரண்டு போனால் மூடிய கொட்டகைக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள், அந்த வாயு தெரியாமலே கொல்லும். காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள்.

அடுத்த தவணைக் குஞ்சுகளை மாசி கழிந்த பிறகே தருவோம்.