பிடி அரிசி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

அன்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் வேதம் படித்துப் பேசுற ஆள் இல்லை. எங்க அம்மா வீட்டில் பார்த்ததையும், போன வருஷம் நான் செய்த ஒரு தப்பையும் சொல்றேன்.

எங்க அம்மா வீடு திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. சர்ச்சை நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். அம்மா உலை வைக்கும்போது உழக்கில் அரிசி அளந்து சுளகில் போடுவாங்க. அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாங்க. மூட்டையிலிருந்து இல்லை, அளந்ததிலிருந்து. அன்னைக்கு வீட்டில் ஒரு பிடி குறைச்சுத்தான் சாப்பாடு. தட்டுப்பாடான நாளில் பிடி சின்னதாகும், ஆனா நிக்காது. சுவிசேஷத்தில் ரெண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு பெரிசாப் பேசினாரே, அவளும் மிச்சத்தைப் போடலை.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டு அரிசியையும் கோயிலில் ஒரே சாக்கில் கொட்டுவாங்க. புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்துபோகும். எது யார் வீட்டு அரிசின்னு யாருக்கும் தெரியாது. (இது கிறிஸ்தவங்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கம் இல்லை. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசி எடுத்து வைக்கச் சொன்னவர்தான்.)

இப்ப என் தப்புக்கு வர்றேன். எங்க குழுவில் 14 பேர். ஒரு தங்கச்சி, பீடி சுத்துறவ, ரெண்டு தவணை கட்டலை. நான் பிரதிநிதி. கூட்டத்தில் வைத்தே, "உன்னால எங்க எல்லார் பேரும் பேங்க்ல கெடுது"ன்னு சத்தம் போட்டேன். அப்புறம் நானே 900 ரூபாய் போட்டு, "நான் கட்டிட்டேன்"னு எல்லாருக்கும் சொன்னேன். கை தட்டினாங்க. எனக்கும் குளிர்ந்துதான் போச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு அவ வரலை. தெருவில் பார்த்தா ஒதுங்கிப் போனா. அம்மாகிட்ட போய், "நல்லது செஞ்சதுக்கு இதுதான் கூலி"ன்னு பொருமினேன். அம்மா கேட்டாங்க: "கோயில் சாக்குல நம்ம பேரை எழுதியாடி அரிசி போட்டோம்?"

மறுநாள் அவ வீட்டுக்குப் போனேன். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுத்திக்கிட்டு இருந்தா. நிமிர்ந்து பார்க்கலை. நானும் உட்கார்ந்து, கத்தரியை எடுத்து இலை வெட்ட ஆரம்பிச்சேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு அவளாத்தான் சொன்னா, வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலையில் விழுந்து கால் முறிஞ்சு கிடக்கிறார்னு. இதைக் கேட்காமலே நான் கூட்டத்தில் கத்தியிருக்கேன். மன்னிப்புக் கேட்டேன். 900 ரூபாய் கொடுத்தது சுலபம். அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வரத்தான் கஷ்டமா இருந்தது.

அவ வாரம் 100 ரூபாயாத் திருப்பிக் கொடுத்தா. வேண்டாம்னேன். "வாங்கிக்கோங்கக்கா, அப்பதான் நான் தலைநிமிர்ந்து கூட்டத்துக்கு வர முடியும்"னா. ஒன்பது வாரமும் வாங்கினேன்.

இப்ப எங்க கூட்டம் நடக்கிற அறையில், பின்வாசல் பக்கம் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குது. வரும்போது இஷ்டப்பட்டவங்க ஒரு பிடி அரிசி போடுவாங்க. தீர்மான நோட்டில் அதுக்கு வரி கிடையாது. கூட்டம் முடிஞ்சதும் நாங்க முன்வாசல் வழியாக் கிளம்பிடுவோம், யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. அடுத்த வாரம் வந்தா பை காலியா அதே ஆணியில் தொங்கும்.