சிறு பிள்ளைகளும் கணினியும்
(பிடோக் வட்டார உறுப்பினர் குடும்பச் சந்திப்பில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





2020 ஏப்ரல் 8ஆம் தேதியை நாம் மறந்திருக்க மாட்டோம். பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறிய நாள் அது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மடிக்கணினி இருந்த வீடுகள் நம்மிடையே உண்டு. அண்ணனின் பாடம் முடியும்வரை தங்கை காத்திருந்தாள். அன்று கருவி போதவில்லையே என்று கவலைப்பட்டோம். இன்று கருவிக்குக் குறைவில்லை. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விடுகிறோம். இதில் நாங்களும் விதிவிலக்கல்ல.

18 மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது நம் சுகாதார அமைச்சு. அதற்குமேல் 6 வயதுவரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு ஒரு மணி நேரத்திற்குள் இருக்க வேண்டும் என்பது 2025இல் வெளியான அறிவுரை. அந்தச் சிறிது நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி.

கணினி அறிவுக்குத் திரைதான் வேண்டும் என்பதில்லை. 2015இல் சிங்கப்பூரின் 160 பாலர் பள்ளிகளுக்கு ‘பிளேமேக்கர்’ திட்டம் சென்றது. அதில் ‘பீ-போட்’ என்ற தேனீ வடிவப் பொம்மையும் இருந்தது. முன், பின், இடம், வலம் என்று அதன் முதுகில் பொத்தான்கள் இருக்கும். வேண்டிய வரிசையில் அழுத்திவிட்டு, ‘போ’ என்ற பொத்தானைத் தட்டினால் அந்த வரிசைப்படியே நகரும். ஓர் அடிக்கு 15 சென்டிமீட்டர். வழி தவறினால், எந்த அடியில் பிழை என்று பிள்ளையே தேடித் திருத்தும். எண்ணவும் திட்டமிடவும் பிழையைக் கண்டு அஞ்சாதிருக்கவும் அது கற்றுக்கொள்கிறது.

பொம்மை இல்லாவிட்டாலும், வீட்டுத் தரையில் கட்டம் போட்டு, தம்பியை ரோபோவாக்கி, ‘இரண்டடி முன்னால், வலப்பக்கம் திரும்பு’ என்று தமிழில் கட்டளையிட்டு விளையாடலாம். தமிழும் சேர்ந்து வளரும்.

தமிழைச் சொல்லக் காரணம் உண்டு. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் பேசினால், பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. பாட்டி சிரித்துச் சமாளிக்கிறார். அந்தச் சிரிப்பின் பின்னால் உள்ள வருத்தம் நமக்குத் தெரியும். 1995ஆம் ஆண்டிலேயே இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டியவர், இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி. அந்த வசதி இன்று நம் கைப்பேசியிலேயே இருக்கிறது. பயன்படுத்தாமல் விடலாமா?

உங்களிடம் மூன்றே வேண்டுகோள்கள். பிள்ளை திரையைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். பார்த்ததைத் தமிழில் கேளுங்கள். வாரம் ஒருமுறை பாட்டி சொல்லும் கதையைக் கைப்பேசியில் பதிவுசெய்து, பிள்ளையைப் படம் வரையச் சொல்லுங்கள். அதன் பெயரை அதுவே தமிழில் தட்டச்சு செய்யட்டும்.

மடிக்கணினி வாங்கித் தருவது நல்லதுதான். ஆனால் பாலர் வயதுப் பிள்ளைக்கு அதற்கு முன்னால் உட்கார ஒரு மடி வேண்டும். அதை நாம்தான் தர முடியும்.