காப்பு வால்வும் கல்வியும்



புதுவை நெசவாலைகளில் உழைத்தோரின் உயிர் கொதிகலனின் காப்பு வால்வை நம்பியிருந்தது. பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பேன் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த அக்கருவி, ஆவியழுத்தம் வரம்பை மீறினால் தானே திறத்தல் வேண்டும். நெடுநாள் அசையாதிருப்பின் துருவும் உப்பும் படிந்து, நிலை உராய்வு மிகுந்து, உரிய வேளையில் திறவாது நின்றுவிடும். ஓடும் வண்டியைத் தள்ளுவதினும் நின்ற வண்டியை நகர்த்தவே மிகுந்த விசை தேவையன்றோ?

ஆகவே, திறப்பழுத்தத்தில் குறைந்தது 75 விழுக்காடு இருக்கும்போது நெம்புகோலை உயர்த்திச் சோதிப்பர். வால்வு ஒட்டவில்லை என்பதையே அது காட்டும். குறித்த அழுத்தத்தில் திறக்குமா என்பதை அழுத்தச் சோதனையே காட்டும்.

சோதிக்காத வால்வுக்குச் ‘சரி’ என்றெழுத மறுக்கும் அறிவையும் துணிவையும் கல்வியால் பெறுங்கள். கலனருகே நிற்பவர் நம்மவரே!